ரைஸ் ஏரிக்கு எந்த வள்ளம்?

ஸ்காபரோ
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் தொலைக்காட்சியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒன்டாரியோவின் ரைஸ் ஏரியில் மீன் பிடிக்க இந்த இரண்டு வள்ளங்களில் எதை வாங்குவது என்று நேற்று நீ கேட்டபோது "யோசித்துச் சொல்கிறேன்" என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். இது நின்ற நிலையில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். 14 அடி வள்ளத்தை எடு. அணியம் என்கிற முன்மூக்கு கூராக, அடி ஆங்கில 'வி' எழுத்துப் போல இறங்குகிறதே, அந்தப் பழைய அலுமினிய வள்ளம். பச்சை நிறத் தட்டை வள்ளம் வேண்டாம்.

மருமகனுக்குத் தட்டை வள்ளத்தில்தான் மனம் என்று உன் குரலிலேயே தெரிந்தது. அவர் சொல்கிற காரணங்களில் பிழையில்லை. 16 அடி நீளம், அகலமான தட்டு, சின்னவன் எழுந்து நின்று தூண்டில் போட்டாலும் அவ்வளவாகச் சரியாது. ஒரு சாண் தண்ணீரிலும் மிதக்கும், பாசி மண்டின குடாவுக்குள்ளும் போகலாம். பருத்தித்துறையை விட்டு யாழ்ப்பாணத்தின் ஆழமில்லாத பரவைக்கடல் பக்கம் போனால் இதே காரணத்துக்காகத்தான் அங்கே தட்டை வள்ளங்களைப் பார்க்கலாம். நின்ற தண்ணீரில் தட்டை அடியைப் போல நிதானம் வேறு எதற்கும் கிடையாது. கூரான அடி, நிற்கும்போது இரண்டு பக்கமும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ரைஸ் ஏரி எப்போதும் நின்ற தண்ணீராக இருப்பதில்லை, பிள்ளை. அந்த ஏரியின் கிடையைப் பார். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஏறக்குறைய 30 கிலோமீற்றர் நீளம், அகலம் ஐந்து கிலோமீற்றர் அளவு. கோடையில் அங்கே அதிகம் வீசுவதும் தென்மேற்குக் காற்றுத்தான். எங்கள் ஊர்ச் சோளகம் வீசும் திசை. காற்று ஏரியின் முழு நீளத்துக்கும் ஓடி வருகிறது, தடுக்க ஒன்றும் இல்லை. ஆழமும் குறைவு, மிக ஆழமான இடமே எட்டு மீற்றர் அளவுதான். ஆழமில்லாத தண்ணீரில் அலை கிட்டக்கிட்ட, செங்குத்தாக எழும். கடலின் நீண்ட அலையில் வள்ளம் ஏறி இறங்க நேரம் கிடைக்கும். இங்கே ஒன்றில் இறங்கி முடிய முதல் அடுத்தது வந்துவிடும்.

நீங்கள் வள்ளம் இறக்கப் போவது பியூட்லியில் என்றாய். அது ஏரியின் மேற்கு முனை. சோளகம் வீசுகிற நாளில் அந்தக் கரை அமைதியாக இருக்கும், காற்று முதுகுப் பக்கம் என்பதால் போகும்போது ஒன்றும் தெரியாது. பின்னேரம் திரும்பும்போதுதான் அவ்வளவு அலையையும் முகத்தில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். தட்டை அடி அலையை வெட்டாது, அறையும். சதுர மூக்கு அலையைப் பிளக்காது, அள்ளும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தது சிம்கோ ஏரி. 1998 செப்டெம்பர் கடைசி, உனக்கு அப்போது நாலு வயது. நானும் என்னோடு வேலை செய்த ஒருவரும் அதன் தெற்குக் குடாவான குக்ஸ் பே பக்கம் தட்டை வள்ளம் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போனோம். காலையில் தண்ணீர் எண்ணெய் ஊற்றினது போல இருந்தது. மீன் அகப்பட அகப்பட, குடாவை விட்டு வெளியே போய்விட்டோம். மத்தியானத்துக்குப் பிறகு காற்று வடமேற்குக்குத் திரும்பியது. கரைக்குத் திரும்ப வேண்டுமென்றால் அலையைக் குறுக்கே வெட்டித்தான் வர வேண்டும். மூன்றாவதோ நாலாவதோ அலை முன்னுக்கு ஏறிக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீரைக் கொட்டியது. நான் பயத்தில் எஞ்சினை ஒரேயடியாகக் குறைத்தேன். அது பெரிய பிழை. வள்ளம் சட்டென்று நிற்க, அது கிளப்பிய அலையே பின்னால் வந்து தாழ்ந்த பின்பலகைக்கு மேலால் உள்ளே விழுந்தது. கோப்பித் தகரத்தால் அள்ளி அள்ளி, ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக் கரை சேர்ந்தோம். அப்பாவின் வள்ளத்தில் பதினொரு வயதிலிருந்து தொழிலுக்குப் போனவன் நான். இந்த நாட்டு ஏரியை ஏரி என்றுதான் நினைத்திருந்தேன். அன்று கைகள் நடுங்கின நடுக்கம் வீடு வரும்வரை நிற்கவில்லை. அம்மாவுக்கு இவ்வளவு காலமும் சொல்லவில்லை. இன்று காலை படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதைப் பிள்ளைக்கு எழுதுங்கோ" என்றாள்.

சரி, இனி வள்ளங்களைப் பற்றி.

14 அடி வள்ளம் தகடுகளை ரிவெற் ஆணியால் பொருத்தியது, தட்டை வள்ளம் வெல்டிங்கால் ஒட்டியது, ஆகவே பின்னதுதான் பலம் என்று விற்கிறவர் சொல்லியிருக்கிறார். அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ரிவெற் காலப்போக்கில் தளரும், கசியும், ஆனால் கண்ணுக்குத் தெரியும், திருத்தவும் முடியும். ஒருவர் உள்ளே கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க, மற்றவர் வெளியே சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் இறுகிவிடும். ஒட்டு வெடித்தால் அலுமினியம் ஒட்டத் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டும்.

கசிவு பார்க்க வள்ளத்தை ஏரிக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. ட்ரெய்லரில் இருக்கும்போதே வடிகால் அடைப்பை இறுக்கிவிட்டு உள்ளே நாலைந்து அங்குலத்துக்குத் தண்ணீர் விட வேண்டும். அதற்கு மேல் விடக் கூடாது, ட்ரெய்லர் அந்தப் பாரம் தாங்காது. பிறகு கீழே குனிந்து, சொட்டுகிற ரிவெற் ஒவ்வொன்றையும் சோக்கால் வட்டமிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு என்றால் பரவாயில்லை. அடியின் நடு முதுகான ஏரா நெடுக வரிசையாகச் சொட்டினால் விலையைக் குறைக்கக் கேட்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

எனக்கு இதைவிடக் கவலை எஞ்சின் மாட்டும் பின்பலகைதான். அலுமினியத்துக்கு நடுவே மரப்பலகை இருக்கும், அது உக்கிப்போனால் வெளியே தெரியாது. எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார், பின்பலகை வளைந்து கொடுக்கிறதா என்று. தட்டை வள்ளத்தின் நாலாவது படத்தில் புதுப்பலகை ஒன்று தெரிகிறது, பச்சைச் சாயலோடு. உக்காமல் இருக்க மருந்தேற்றிய மரம் என்று நினைக்கிறேன். அந்த மருந்துகளில் பெரும்பாலும் செம்பு இருக்கும். ஈரத்தில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். வீட்டு வேலிக்கு நல்ல மரம்தான், வள்ளத்துக்கு ஆகாது. அதிலேயே என் மனம் பாதி விட்டுப்போய்விட்டது. இன்னொன்று, எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு குதிரைவலு மாட்டலாம் என்று சொல்கிற தகட்டின் மேலேயே பச்சை மை அடித்திருக்கிறார்கள். 14 அடி வள்ளத்தில் அந்தத் தகடு வடிவாகத் தெரிகிறது: நாலு பேர், 25 குதிரைவலு. மாட்டியிருப்பது 20. அளவு சரி.

அந்த 20 குதிரைவலு எஞ்சின் நாலு ஸ்ட்ரோக். எண்ணெய் கலக்கத் தேவையில்லை, சத்தமும் குறைவு. தட்டை வள்ளத்தில் இருப்பது பழைய இரண்டு ஸ்ட்ரோக், 50 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். அதுவும் கெட்ட எஞ்சின் இல்லை, ஊரில் அப்படிப்பட்டதை வைத்துத்தான் நாங்கள் பிழைத்தோம். எதை எடுத்தாலும், ஓடும்போது பின்னால் சின்னக் குழாயால் தண்ணீர் விடாமல் பீய்ச்ச வேண்டும். கீழ்ப்பெட்டியின் கியர் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது என்று அர்த்தம்.

ஒரு இடத்தை மட்டும் இப்போதே குறித்துக்கொள். தெற்குக் கரையில் ஹார்வுட்டிலிருந்து வடக்கே ஹையவாத்தா பக்கமாக, ஏரிக்குக் குறுக்கே, 1854-இல் ரயில் பாதை போட்டார்கள். பனிக்கட்டி அதை நெரித்து நெரித்து, சில வருடங்களிலேயே கைவிட்டுவிட்டார்கள். அந்தக் கல்லும் மண்ணும் இன்னும் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன, சில இடங்களில் மேல்மட்டத்துக்குக் கிட்டவே. மிதவை போட்ட இடைவெளியால் மட்டும் கடக்க வேண்டும். எந்த அடி வள்ளம் என்றாலும் எஞ்சினின் கால் கீழே தொங்குகிறதுதானே.

படகு ஓட்டும் அட்டை உன்னிடம் இருக்கிறது, மருமகனும் எடுக்கட்டும். 10 குதிரைவலுவுக்கு மேல் என்பதால் வள்ளத்துக்கும் உரிமம் வேண்டும், அதை உன் பெயருக்கு மாற்றிக்கொள். எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு, ஓட்டுகிறவரின் கையிலோ அங்கியிலோ கொழுவியிருக்க வேண்டும், எப்போதும். மே மாதம் போல இன்னும் குளிர் விடாத தண்ணீரைப் பற்றி மனிடோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார். குளிர்த் தண்ணீரில் விழுந்தால் மூச்சை நிதானப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு உயிர்காப்பு அங்கியை மாட்டக் கை கேட்காது. ஆகவே ஏறும்போதே மாட்டிவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு வருகிறேன். தோட்டக் குழாயும் சோக்கும் நான் கொண்டுவருகிறேன், விற்கிறவரிடம் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சம்மதமா என்று முதலே கேட்டு வை. சம்மதிக்கவில்லை என்றால் போக வேண்டாம், வீட்டிலேயே இருந்து சாப்பிடுவோம். அம்மா மீன் குழம்பு கட்டித் தருகிறாளாம்.

சின்னவனின் நிறையைப் பார்த்து நாளைக்குள் சொல். பிள்ளைகளின் அங்கிக்கு அளவு வயதில்லை, நிறைதான். வருகிற வழியில் அவனுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா