அறுசுவையில் இரண்டைக் கழிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நாக்கைப் பற்றி வந்த அறிவியல் கட்டுரையைப் படித்தேன். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இவற்றோடு ஜப்பானிய வேதியியலர் கிகுனே இகேடா 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்துச் சொன்ன உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றில் வரும் ருசி), ஆக ஐந்தே சுவை என்று எழுதியிருந்தீர்கள். அதுவரை சரி. காரமும் துவர்ப்பும் சுவையே அல்ல, விவரம் தெரியாமல் முன்னோர் அறுசுவையில் சேர்த்துவிட்டார்கள் என்று போகிற போக்கில் முடித்துவிட்டீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

மிளகாயில் உள்ள கேப்சைசின் சுவை மொட்டுகள் வழியாக வேலை செய்வதில்லை, சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளைத்தான் தூண்டுகிறது என்பது உண்மை. சுமார் 43 டிகிரி செல்சியசைத் தாண்டிய சூட்டுக்கு விழித்துக்கொள்ளும் ஏற்பியேதான், அதாவது அந்த நரம்புகளில் தூண்டுதலை வாங்கிக்கொள்ளும் புரதமேதான், மிளகாய்க்கும் விழிக்கிறது. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் இதில் தமிழ் பேசுகிறவர்கள் திடுக்கிட என்ன இருக்கிறது? சட்னி உறைக்கிறது என்கிறோம். "அவர் சொன்னது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது" என்றும் சொல்கிறோம். எவ்வளவு திட்டினாலும் உறைக்காத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. நாக்குக்கும் மனசுக்கும் வினைச்சொல் ஒன்றுதான். கரிப்பும் அப்படியே. குழம்பு உப்புக் கரிக்கும், சோப்பு நுரை பட்டால் கண்ணும் கரிக்கும். கண்ணில் சுவை மொட்டு இருப்பதாக நினைத்து யாரும் அப்படிச் சொல்லவில்லை. "சோற்றில் உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறாய்?" என்று ஒருவர் கேட்டால், அவர் விசாரிப்பது சமையலையா?

துவர்ப்புக்கு வருகிறேன். வாழைப்பூவிலும் கடுக்காயிலும் பாக்கிலும் உள்ள டானின், எச்சிலில் இருக்கும் புரதங்களைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. வழவழப்புப் போய் வாய் வறண்டு இழுக்கிறது. தோல் பதனிடுகிறவர்கள் கடுக்காயைப் பயன்படுத்துவதும் இதே வேலைக்குத்தான். அங்கே டானின் பிடிப்பது தோலின் புரதத்தை. எங்கள் குமரி மாவட்டத்தில் துண்டுக்குத் துவர்த்து என்று பெயர். தலை துவர்த்து என்றால் ஈரம் போகத் துடை என்று அர்த்தம். துவர்ப்பு வாயில் செய்வதும் அதைத்தானே! இந்தச் சொல்லை வைத்திருப்பவர்களுக்கு அது வெறும் நாக்கின் சங்கதி இல்லை என்று தெரியாமலா இருக்கும்?

இத்தனைக்கும் ஆங்கிலத்தின் 'டேஸ்ட்' என்ற சொல்லே பழைய பிரெஞ்சில் தொட்டுத் தடவிப் பார்ப்பதைக் குறித்து வந்ததுதான். லத்தீனில் ருசிப்பதற்கும் அறிவதற்கும் 'சப்பேரே' என்று ஒரே வினை. ஹோமோ சேப்பியன்ஸ் என்று மனிதனுக்கு வைத்த பெயர் அதன் வழி வந்தது. ஆக, மொட்டில் பதிவானால்தான் சுவை என்பது ஆய்வுக்கூடத்தின் அளவுகோல். அங்கே அது தேவை. அதை வைத்து இலையில் இருப்பதை எண்ண வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

இன்னொன்று, இது வேதியியல் ஆசிரியராக வேலை பார்த்தவனின் மனக்குறை. காரம் என்பது வடமொழி 'க்ஷார'த்திலிருந்து வந்த சொல். அரிக்கும் தன்மையுள்ள சாம்பல் உப்பு போன்றவற்றுக்கான பெயர் அது. பாடப்புத்தகத்தில் அமிலத்துக்கு எதிராக நிற்பதும் அந்தக் காரம்தான். அமிலத்தில் சிக்கல் இல்லை, 'அம்லம்' என்றாலே புளிப்பு. காரம் நடத்தும்போதுதான் வருஷா வருஷம் ஒரு பையன் எழுந்து, "அப்போ சோப்பு காரமா இருக்குமா சார்?" என்பான். வகுப்பே சிரிக்கும். கேள்வி என்னவோ நியாயமானது. சோப்பு கசக்கும், வேதியியல் காரங்களுக்கு மிளகாயின் குணம் கிடையாது. சிவப்பு லிட்மஸை நீலமாக்கிக் காட்டிய பிறகும் அவன் முகத்தில் சந்தேகம் போகாது.

பாடப்புத்தகச் சொல்லை இனி மாற்ற முடியாது. சமையல் பக்கத்தை மாற்றலாம், அது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஈழத் தமிழர்கள் இன்றும் உறைப்பு என்றுதான் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். 'காரம் தேவைக்கேற்ப' என்று நீங்கள் போடும் இடங்களில் 'உறைப்பு' என்று போடுங்கள். வாசகர்களுக்குப் புரியுமா என்ற தயக்கம் வேண்டாம், முதல் வாயிலேயே புரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
நாகர்கோவில்.