பொனற்றுக்குள் தண்ணீர் அடிக்க முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓடி வந்த சூட்டோடேயே பொனற்றைத் திறந்து எஞ்சினுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பழக்கம் இங்கே பலரிடம் உண்டு. சூடான உலோகத்தில் குளிர்நீர் பட்டால் வெடிப்பு விழலாம். கைவைத்துப் பார்க்கக்கூடிய அளவுக்கு ஆறட்டும்.

முதலில் உள்ளே கிடக்கும் வேப்பஞ்சருகைக் கையால் அள்ளுங்கள். பற்றரியின் மறை (−) முனையைக் கழற்றி, ஓல்டனேற்றர், பியூஸ் பெட்டி, காற்று உறிஞ்சும் வாய், இக்னிஷன் கொயில் எல்லாவற்றையும் பொலித்தீனால் இறுக்கி மூடுங்கள். ஸ்பாக் பிளக் குழியில் தண்ணீர் தேங்கினால் எஞ்சின் உதறி உதறித்தான் ஓடும். பிறஷர் வோஷர் வேண்டவே வேண்டாம். அதன் வேகம் வயர் இணைப்புகளின் இறப்பர் சீலையும் தாண்டிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் டிகிறீசர் தெளித்து 5 நிமிடம் விட்டு, காயமுன் தூரிகையால் தேய்த்து, மெல்லிய தூறலாகக் கழுவினால் போதும். செலவு குறைவென்று பெற்றோல், மண்ணெண்ணெய் பாவிப்பது நெருப்போடு விளையாட்டு. இறப்பர் குழாய்களும் ஊதிப்போகும்.

ஹைபிரிட் வாகனங்களில் செம்மஞ்சள் வயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அங்கே தண்ணீரே வேண்டாம், கிட்டப் போகாமல் விடுங்கள்.

நமது கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். தானாகக் காயவிட்டால் வெண்கறை படியும், துணியால் ஒற்றியெடுங்கள். கழுவிய நீரைக் கிணற்றடிப் பக்கம் ஓடவிடாதீர்கள். சுண்ணக்கல் வெடிப்புகளால் எண்ணெய் நேரே நிலத்தடிக்கு இறங்கும். கிணறுகளில் எண்ணெய் கலந்து சுன்னாகம் பட்டது போதாதா?

பொலித்தீனை முழுதாக எடுத்து, பொனற்றைத் திறந்தபடி ஒரு மணி நேரமாவது உலரவிட்ட பிறகே பற்றரியைப் பூட்டுங்கள்.

வாகனத் திருத்துநர் ஒருவர்,
யாழ்ப்பாணம்