அம்மாவுக்காகக் கீழே இறங்கி வந்தவருக்கு

அன்பு உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

மகள் நேற்றிலிருந்து மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறாள். எங்களோடு சேர்ந்து தவித்த உங்களுக்கு இதை முதலில் சொல்லிவிட வேண்டும். நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். நன்றியை மட்டும் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் எங்களுக்குக் குடும்ப ஆலோசனை தந்த மேடம், பிள்ளை மட்டும் வந்தால் போதாது, வீட்டில் இருக்கிற எல்லோரும் வரணும் என்று சொல்லிவிட்டார். அறையோ மாடியில். எங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி. பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். "நீங்க போங்க, நான் இங்கனயே இருக்கேன்."

சத்தம் கேட்டு மேடம் எட்டிப் பார்த்தார். பேசாமல் உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். மறுபடி ஏறி மற்றதையும் கொண்டுவந்தார். நான் வாங்கப் போனாலும் தரவில்லை. அன்றைய ஆலோசனை வாசல் வேப்பமரத்தடியில்தான் நடந்தது.

மகள் வழக்கம்போல அவள் அம்மாவுக்கும் ஆச்சிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். "ஆச்சி, நீங்க மருமக பக்கத்துல வாங்க. பாப்பா இந்தப் பக்கம் உக்காரட்டும்" என்றார் மேடம். இப்படி இடம் மாற்றி உட்காரவைக்கும் முறையை 1960களில் அமெரிக்காவில் சால்வடார் மினுச்சின் என்ற மனநல மருத்துவர் வளர்த்தெடுத்தாராம். அன்றைக்கு நான் கண்டது இதுதான்: மாமியாரும் மருமகளும் நேராகப் பேசிக்கொண்டார்கள், நடுவில் பிள்ளை தூது போகவில்லை.

பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகும், காலையில் எழ முடியாதது சோம்பேறித்தனம் இல்லை என்று அம்மாவுக்கு மேடம் பொறுமையாகச் சொன்னார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேத்தியைப் பார்த்து, "ஏட்டி, கதவச் சாத்திக்கோ. தாப்பாள் மட்டும் போடாத" என்றார்கள். அவளும் சரியென்று தலையாட்டினாள். கதவைச் சாத்தக் கூடாது என்று அஞ்சு வயசுப் பிள்ளைக்குப் போட்ட சட்டம் அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் மாறியது.

சாப்பாடு கொடுத்தனுப்பிய மைனி, பாடக் குறிப்பெல்லாம் எடுத்துவைத்த வகுப்பு டீச்சர், நடுராத்திரியில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) என் மனைவியைப் பேசவிட்டுக் கேட்ட முகம் தெரியாத தங்கச்சி, எதையும் துருவிக் கேட்காத எதிர்வீட்டார் எல்லோருக்கும் நன்றி.

இப்படி ஆலோசனைக்குப் போகிற குடும்பம் எதுவானாலும், பெரியவர்களை எப்படிக் கூட்டிப்போவது என்று தயங்க வேண்டாம். என்னிடம் சொல்லுங்கள். பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, மேலப்பாளையம், எங்கிருந்தாலும் வண்டியோடு நான் வருகிறேன்.