தரையில் நிற்கிற ஆள்

கென்ட், இங்கிலாந்து
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கே நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலமா? போனில் பேசினால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். சாவகாசமாகப் படியுங்கள்.

மரவேலைக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். அம்மா அதைத் தச்சுவேலை என்று நினைத்திருக்கிறாள் என்று தம்பி சொன்னான். தச்சுவேலை இல்லை அப்பா, மரம் ஏறுகிற வேலை. உங்கள் மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து வந்த புதிதில் நான் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். அப்புறம் மரம் கழிக்கிற குழு ஒன்றில் கீழே கிளை இழுத்துப் போடுகிற ஆளாகச் சேர்ந்தேன். பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கி இப்போது ஏறுகிறேன். பனையேறி பிள்ளை மரம் ஏறக் கூடாது என்றுதான் என்னை டிப்ளமோ படிக்கவைத்தீர்கள். தெரியும். கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

காலை ஏழரைக்கு ஷெட்டில் இருக்க வேண்டும். முதல் வேலை செயின் சா என்கிற, மரம் அறுக்கிற சங்கிலி மெஷினைப் பார்ப்பது. 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி ஆயில் கலக்க வேண்டும். பிறகு சங்கிலியின் ஒவ்வொரு பல்லையும் உருண்டை அரத்தால் ஒரே சாய்வில் ராவ வேண்டும். பல் கூராக இருந்தால் மரம் சீவல் சீவலாக வந்து விழும். மழுங்கியிருந்தால் தூள்தான் பறக்கும். அரத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நீங்கள் விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்து தீட்டுப்பலகையில் பாளை அரிவாள் தீட்டுகிற சத்தம்தான் காதில் கேட்கிறது. கூர் இல்லாத அரிவாளோடு மரத்தில் ஏறாதே என்பீர்கள். இங்கேயும் அதையேதான் சொல்கிறார்கள்.

போட்டுக்கொள்கிற கால்சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே நீள நீளமான நூலிழைகளை அடுக்கடுக்காக வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஓடுகிற சங்கிலி காலில் பட்டால் அந்த இழைகள் வெளியே வந்து மெஷினின் பல்சக்கரத்தில் சிக்கிக்கொள்ளும். கண் இமைக்கிற நேரத்தில் சங்கிலி நின்றுவிடும். எந்த வேகத்திலும் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் காலே போயிருக்க வேண்டிய இடத்தில் ஒரு கீறலோடு பிழைத்த ஒருவனை எனக்குத் தெரியும்.

வெட்டிய கிளைகளைச் சிப்பர் என்கிற மெஷினுக்குள் தள்ளுவோம். வாயில் இரண்டு உருளைகள் கிளையைக் கவ்வி இழுக்க, உள்ளே சுழல்கிற கத்திகள் அதைத் துண்டு துண்டாக்கி லாரிக்குள் வீசும். கை மொத்தக் கிளை நொடிகளில் காணாமல் போகும். எனக்கு உயரத்தைவிட இந்த மெஷினிடம்தான் பயம் அதிகம். கிளையோடு கயிற்றின் நுனி ஒன்று மாட்டி உள்ளே போனால், அந்தக் கயிற்றில் மேலே ஒருவன் தொங்கிக்கொண்டிருந்தால், நினைக்கவே முடியவில்லை. அதனால் ஏறுகிற கயிறு கிடக்கிற பக்கம் சிப்பரை நிறுத்தவே மாட்டோம்.

இப்போது எங்களுக்குப் பாதி வேலை ஆஷ் மரங்களில்தான். இந்த ஊரில் ஆஷ் நம் ஊர் வேம்பு மாதிரி, சாலையோரம், வயல் வரப்பு என்று எங்கு பார்த்தாலும் நிற்கும். கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை அதைக் கொன்றுகொண்டிருக்கிறது. இந்த நாட்டில் 2012-இல்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். உதிர்ந்த இலைக்காம்பில் பூஞ்சை வளர்ந்து, கோடையில் அதன் வித்துகள் காற்றோடு அடுத்த மரத்துக்குப் போகும். நோய் முற்றிய மரம் நின்றுகொண்டேதான் இருக்கும், ஆனால் கட்டை மொறுமொறுவென்று ஆகிவிடும். போன மாதம் அப்படி ஒன்றை யாரும் தொடுவதற்கு முன்பே என் தொடை மொத்தக் கிளை தானாக முறிந்து விழுந்தது. அந்த மாதிரி மரத்தில் எங்களை ஏறவிட மாட்டார்கள். லாரியில் பொருத்திய கூடையில் நின்றுதான் வெட்டுவோம். கூடை போக வழி இல்லையென்றால் வேலையைத் தள்ளிவைப்பார்கள். கூலி போகிறதே என்று முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது இல்லை.

எங்கள் முதலாளி 1987 அக்டோபரில் அடித்த புயலுக்குப் பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர். ஒரே இரவில் ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்ததாம். இங்கே பக்கத்தில் செவனோக்ஸ் என்று ஓர் ஊர், ஏழு ஓக் மரங்கள் என்று அர்த்தம். அந்தப் புயலில் அங்கே ஏழில் ஆறு விழுந்துவிட்டன. அந்த நாட்களில் பாதுகாப்பு எதுவும் தெரியாமல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனதை அவர் சொல்லும்போது குரல் மாறிவிடும்.

நல்ல மரத்தில் ஏறும்போது எப்படி என்று கேட்பீர்கள். கயிற்றை உச்சிக்கவட்டில் போட்டு, இடுப்பு பெல்ட்டில் இணைத்து ஏறுவோம். மெஷினை ஓட்டும்போது மரத்தைச் சுற்றி இன்னொரு வார், உள்ளே இரும்பு வடம் வைத்தது. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று தாங்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கயிறு, பெல்ட், கொக்கி எல்லாவற்றையும் அதற்கென்று தகுதியான ஒருவர் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். உயிரோடு வைத்துக்கொள்ளப் போகிற மரத்தில் காலில் இரும்பு முள் கட்டி ஏற மாட்டோம், மரத்துக்குக் காயம் என்பதால். இது உங்களுக்குப் பிடிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நான் மேலே இருக்கும்போது கீழே ஓர் ஆள். எனக்கு ஏதாவது ஆனால் ஏறி வந்து இறக்கத் தெரிந்த ஆள். அவனுக்கும் பெல்ட்டும் கயிறும் தயாராக இருக்கும். அவன் சாப்பிடப் போனால் நானும் இறங்கிவிட வேண்டும்.

முதல் நாள் இதைச் சொன்னபோது எனக்குப் பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. விழுந்தது காலையில், நாம் பார்த்தது மத்தியானம். விடிகிற நேரத்தில் காட்டில் தனியாக ஏறியவருக்குக் கீழே யார் இருந்தார்கள்? காலில் மாட்டுகிற தளைநாரும் மரத்தில் சாத்துகிற முருக்குத்தடியும் நெஞ்சுக் காய்ப்பும்தான் துணை. நீங்களும் அப்படித்தான் காலையும் மாலையுமாக இத்தனை வருஷம் ஏறினீர்கள். இந்த வருஷமும் பத்து மரம் பாளை சீவினீர்களாம், தம்பி சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதீர்கள்.

ஏறாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். தை மாதம் வருகிறேன். வரும்போது பெல்ட் ஒன்றும் வடம் வைத்த வார் இரண்டும் வாங்கி வருவேன். பனையில் கிளை கிடையாது, அதனால் கவட்டில் கயிறு போடுகிற முறை ஆகாது. வாரை மரத்தைச் சுற்றிப் போட்டு ஏற ஏற நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மட்டைக்குள் நுழைகிற இடத்தில் முதல் வாரைக் கழற்றும் முன் இரண்டாவதைப் போட்டுவிட வேண்டும். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குட்டைப் பனையில் முதலில் நான் ஏறிக் காட்டுகிறேன். அப்புறம் நீங்கள் ஏறுங்கள், நான் கீழே நிற்கிறேன்.

உங்கள் இடுப்பளவும் இரண்டு தொடையளவும் வேண்டும். தையல்காரர் டேப்பில் சென்டிமீட்டரில் அளந்து தம்பியை அனுப்பச் சொல்லுங்கள். வேட்டிக்கு மேல் அளக்க வேண்டாம், கால்சட்டை போட்டுக்கொண்டு அளக்கட்டும்.

அம்மாவிடம் குளிருக்குப் புதுக் கம்பளி வாங்கிவிட்டோம் என்று சொல்லுங்கள். கருப்பட்டி தீர்ந்துவிட்டது.

உங்கள் அன்பு மகன்