அரைக் குன்றிமணி

திருநெல்வேலி டவுன்,
ஆவணி மாதம்.

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். அங்கே நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆனித் தேருக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருந்தது உங்கள் குற்றம். சித்திரைக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது என் குற்றம். ஒன்றுக்கொன்று நேராகிவிட்டது. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், உங்கள் பீரோவில் இரண்டு வருடமாகப் பொட்டலம் பிரிக்காமல் கிடக்கும் அந்த இரண்டு கற்கள். அவற்றை யாரிடம் கொடுத்துத் தோடு கட்டலாம் என்று நீங்கள் கேட்டபோது, வெளியில் வாங்கிய கல்லை ஊர் ஆசாரியிடம் கொடுக்கவே கூடாது என்று அடித்துச் சொன்னவன் நான்தான். அப்படிச் சொன்னது தவறு. ஏன் தவறு என்பதை முழுவதுமாக எழுதிவிடுகிறேன்.

மூத்த மருமகப்பிள்ளைக்குச் சூரத்துக்கு மாற்றலானது உங்களுக்குத் தெரியும். உலகத்து வைரங்களில் பெரும்பகுதிக்குப் பட்டை தீட்டுகிற ஊர் அது. அங்கே மாமியாருக்கென்று ஒரு கல் வாங்கி, பங்குனியில் மகள் வந்தபோது கொடுத்தனுப்பியிருந்தார். வட்டக் கல்; 30 சென்ட், அதாவது 60 மில்லிகிராம், ஏறக்குறைய அரைக் குன்றிமணி எடை. குறுக்களவு 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கூடவே, வைரத்தின் தரத்தைச் சோதித்துச் சொல்லும் ஜி.ஐ.ஏ. என்ற அமைப்பின் சான்றிதழும் இருந்தது. சான்றிதழில் உள்ள எண்ணைக் கல்லின் விளிம்பிலேயே லேசரால் பொறித்திருக்கிறார்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்சில் பார்த்தால்தான் தெரியும். சூரத்திலேயே மூக்குத்தியாகச் செய்து வாங்கியிருக்கலாம். ஆனால் என் மனைவிக்கு, அவள் அம்மா கடைசிவரை போட்டிருந்த அதே வாகில், திருகோடு, நம் ஊர்க் கைவேலையாகத்தான் வேண்டும் என்றிருந்தது. மூன்று நாள் கல்லைப் பூஜை அறையில் வைத்துப் பார்த்து, வீட்டுக்கு ஒத்துக்கொண்டது என்று அவள் முடிவு செய்த பிறகே ஆளைத் தேடத் தொடங்கினோம்.

முதலில் போன பெரிய கடையில், தாங்கள் விற்காத கல்லைத் தாங்கள் கட்டித் தருவதில்லை என்று பணிவாகச் சொல்லிவிட்டார்கள். அப்போது கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அதிலுள்ள நியாயம் புரிந்தது. வைரத்தைக் கீறுவதுதான் கடினமே தவிர, உடைப்பது கடினம் அன்று. சில திசைகளில் அடி விழுந்தால் விறகைப் போலப் பிளந்துவிடும். விளிம்பு மெல்லியதாக இருந்தால், பதிக்கும்போது அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் சில்லுப் பெயர்ந்துவிடும். சொற்பக் கட்டுக்கூலியை நம்பி, தான் விற்காத கல்லின் விலைக்கு யார் பொறுப்பேற்பார்கள்? இரண்டாவது கடையில் கல்லை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். பத்து நாள் கழித்து வரச்சொல்லி ஒரு சீட்டும் எழுதினார்கள். அதில் “வெள்ளைக் கல் 1” என்று மட்டுமே இருந்தது. எடையும் இல்லை, அளவும் இல்லை, சான்றிதழ் எண்ணும் இல்லை. அவற்றையும் சேர்த்து எழுதித் தாருங்கள் என்றேன். அது வழக்கமில்லை என்றார்கள். கல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். நம் சைக்கிள் விவகாரத்துக்குப் பிறகு அப்படி ஒரு சீட்டை நம்புகிறவன் நான் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

பிறகு, டிராயிங் மாஸ்டர் வீட்டுக்கு எதிர்ச் சந்தில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியாரைப் பற்றி மாஸ்டரின் மகன் சொன்னார். அங்கே போகும்போது என் மனம் தெளிவாக இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. “தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான்”, அதாவது பெற்ற தாயின் பொன்னிலும் ஆசாரி துளி திருடுவான் என்று எங்கள் பெரியப்பா சொல்லிச் சொல்லி வளர்த்த காது இது. கல்லைக் கொடுத்துவிட்டு வருவதில்லை, வேலை முடியும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன்.

அவர் கல்லை வாங்கியதும் முதலில் செய்த காரியம், ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து என் முன்னால் வைத்ததுதான். சான்றிதழில் உள்ள எடையையும் அளவையும் எண்ணையும் என்னையே எழுதச் சொன்னார். பிறகு கல்லைத் தராசில் வைத்து எடையை எனக்குக் காட்டினார். லென்சை என் கையில் கொடுத்து, விளிம்பில் உள்ள எண்ணை நானே படித்துச் சரிபார்க்க வேண்டும் என்றார். சான்றிதழில் கல்லின் குறைகளைக் குறித்த படம் இல்லாததால், நோட்டில் ஒரு வட்டம் போட்டு, விளிம்பை ஒட்டி மயிரிழை போல ஒரு ரேகை ஓடும் இடத்தை அவரே குறித்தார். காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்று கல்லின் குற்றங்களை அவர் பழைய பெயர்களாலேயே சொன்னார். இதில் மற்ற மூன்றும் இல்லை, ரேகை மட்டும்தான், அதன்மேல் அழுத்தம் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். கீழே இருவரும் கையெழுத்துப் போட்டோம். நான் கேட்காமலே இவ்வளவும் நடந்தது, அண்ணாச்சி.

என் மனைவி, அவள் அம்மாவுடையதைப் போல, கல்லின் பின்பக்கம் மூடிய கட்டடமாகவே வேண்டும் என்றாள். அந்தக் காலத்தில் கல்லுக்கு அடியில் தகடு வைத்து மூடியதால் மங்கலான கல்லும் பளபளத்தது. இந்தக் கல்லுக்கு அந்த உதவி தேவையில்லை என்றார் ஆசாரியார். வைரத்தில் எண்ணெய்ப்பசை சீக்கிரம் ஒட்டும். மூக்கில் இருப்பதால் வியர்வையும் சோப்பும் பவுடரும் நாள்தோறும் சேரும். திறந்த கட்டடம் என்றால் பின்பக்கமாகத் தேய்த்துக் கழுவிக்கொள்ளலாம், மூடிவிட்டால் விளிம்பு எண்ணையும் ஒருவராலும் படிக்க முடியாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். தங்கத்தைப் பற்றியும் ஒரு வாதம் நடந்தது. 22 காரட் இளகியது, முகம் துடைக்கும் துண்டு தினமும் இழுத்து இழுத்து, கல்லைக் கவ்வியிருக்கும் பிடிகள் நெகிழ்ந்துவிடும் என்பதால், 18 காரட்டில் செய்வதுதான் கல்லுக்குப் பாதுகாப்பு என்றார். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. எனவே தங்கத்தின் மாற்று விஷயத்தில் முத்திரை ஏதும் இல்லாமல் அவருடைய சொல்லைத்தான் நம்பவேண்டியிருந்தது. அதையும் அவரேதான் எங்களுக்குச் சொன்னார்.

மறுவாரம் வேலை நாளன்று காலை ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்தேன். பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிற வேலைகள் அனைத்தும் முடிந்து, தண்டும் திருகும் பொருந்தி, நகை முற்றிலும் ஆறிய பிறகுதான் கல்லை வெளியே எடுத்தார். வைரமும் கரிதான், கடுஞ்சூட்டில் காற்றுப் பட்டால் மேல்முகம் வெந்து பால்போல வெளுத்துவிடும் என்றார். நகையை அரக்கில் பதித்து நிறுத்தி, ஒவ்வொரு பிடியிலும் விளிம்பு உட்காருவதற்கு ஒரு பள்ளம் வெட்டி, கல்லை வைப்பதும் எடுப்பதும் மறுபடி வெட்டுவதுமாக ஒரு மணி நேரம் போயிற்று.

அப்போதுதான் அது நடந்தது. சாமணத்தின் நுனியிலிருந்து கல் தெறித்தது. ஒரு சத்தமும் இல்லை. இருந்தது, இல்லை, அவ்வளவுதான். ஆசாரியார் குரல் உயராமல், “யாரும் அசையவேண்டாம்” என்றார். பட்டறையில் இருந்த பையன் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. மேசையின் இழுப்பறை, அதற்குக் கீழே விரித்திருந்த துணி, தரை என்று முழம் முழமாக விளக்கைத் தாழ்த்திப் பார்த்தார். எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. அந்தக் கால் மணி நேரத்தில் என் மனம் எங்கெல்லாம் போனது என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: அந்தப் பையனின் சட்டைப் பையை நான் இரண்டு முறை பார்த்தேன். கடைசியில் ஆசாரியார் என் மடியைச் சுட்டி, வேட்டியைத் தொடாமல் அப்படியே இருக்கும்படி சொல்லி, தேன்மெழுகு ஒட்டிய ஒரு குச்சியை நீட்டினார். என் வேட்டி மடிப்புக்குள்ளிருந்து, மெழுகின் நுனியில் ஒட்டிக்கொண்டு, அந்தக் கல் வெளியே வந்தது.

அண்ணாச்சி, நான் நடுவில் ஒரு காப்பி குடித்துவர எழுந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரத வீதி முனையில் அந்தக் கல் எங்கோ உதிர்ந்திருக்கும். நான் திரும்பி வந்து அவரைத்தான் கேட்டிருப்பேன். நீங்கள் உட்பட எல்லோரும் என்னைத்தான் நம்பியிருப்பீர்கள். பெரியப்பாவின் பழமொழி சாட்சிக்கு வந்து நின்றிருக்கும். முப்பது வருடமாக அந்தச் சந்தில் உட்கார்ந்து தொழில் செய்கிற மனிதர், என் வேட்டியால் திருடராகியிருப்பார். இதை நினைத்து இரண்டு இரவு எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எதற்கு என்று சொல்ல முடியாமல் நின்றுவிட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அவர் தண்ணீர் குடித்துவிட்டு, கை நடுக்கம் ஏதும் இல்லாமல் வேலையைத் தொடர்ந்தார். ஒரு பிடியை அழுத்தினால் அடுத்தது அதற்கு நேர் எதிரில் உள்ளது என்று மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக அழுத்தினார். ரேகை உள்ள இடம் இரண்டு பிடிகளுக்கு நடுவில் வரும்படி வைத்திருந்தார். முடித்ததும் என் மனைவியின் பட்டுச் சேலைத் தலைப்பில் நகையை இழுத்துக் காட்டினார். ஒரு நூலும் சிக்கவில்லை. காதருகே வைத்துச் சுண்டிப் பார்த்தார். கல் ஆடுகிற ஓசை இல்லை. பிறகு லென்சை மறுபடியும் என்னிடம் நீட்டினார். விளிம்பு எண் பிடிக்கு அடியில் மறையாமல் திறந்த இடத்தில் வரும்படி கல்லைத் திருப்பி வைத்திருந்தார். வேண்டாம், நான் பார்க்கவேண்டியதில்லை என்றேன். “படித்துவிட்டுத்தான் எடுத்துப் போகவேண்டும்” என்று சொல்லிவிட்டார். படித்தேன், அதே எண். அரப்பொடியையும் மீந்த தங்கத்தையும் நிறுத்துப் பொட்டலமாக மடித்துக் கொடுத்து, முன்பு சொன்ன கூலிக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்க மறுத்துவிட்டார்.

கார்த்திகைக்கு மேல் அவருக்குக் கல்யாண வேலைகள் மிகுதி. ஆகவே ஐப்பசிக்குள் மதினியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நம் வீட்டில் தங்கி வேலையை முடித்துக்கொண்டு போகலாம். கற்களோடு அவற்றின் சான்றிதழ்களும் கட்டாயம் வேண்டும். மும்பையிலிருந்து அவை வந்த அன்று மதினி அவற்றைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்த வருடத்துப் பஞ்சாங்கம் பழைய பேப்பர்க் கட்டோடு போய்விட்டதா, இருக்கிறதா என்று இன்றே பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் தம்பி