சுலைமானியா பள்ளிவாசலில் எங்களைக் கூடவே உட்காரவைத்தவர்களுக்கு

இஸ்தான்புல் சுலைமானியா பள்ளிவாசலில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் தன்னார்வலர் அக்காவுக்கும், அவர் சொன்னதையெல்லாம் தமிழில் எங்களுக்குச் சொன்ன காயல்பட்டினத்துத் தம்பிக்கும், வாசலில் செருப்பு அலமாரி பக்கம் நின்றிருந்த பெரியவருக்கும் அம்மாவும் நானும் எழுதும் நன்றி மடல் இது. தம்பி, நீங்கள் அங்கேயே படிப்பதால் இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டும் வேலையும் உங்களுடையதுதான். நேரில் சொன்ன நன்றியை இப்படி எல்லார் முன்னாலும் எழுதக் காரணம் உண்டு. அந்த ஊருக்குப் போகும் நம்மவர்கள் பலர் முற்றத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, "உள்ளே நம்மை விடுவார்களோ என்னவோ" என்று திரும்பிவிடுகிறார்கள். விடுகிறார்கள். தலைக்கு முக்காடும் அவர்களே தருகிறார்கள்.

அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். காலையில் விளக்கேற்றிக் கும்பிடாமல் காப்பி குடிக்கமாட்டார். உள்ளே நுழைந்து சுற்றிலும் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சாமி எங்கே இருக்கு?" தம்பி, அதை மொழிபெயர்க்க நீங்கள் ஒரு கணம் தயங்கியதைக் கவனித்தேன். அக்கா தயங்கவே இல்லை. தடுப்புக்கு இப்பால் நின்றபடியே எதிர்ச்சுவரில் இருந்த மிஹ்ராப் மாடத்தைக் காட்டி, "அதற்குள் எதுவும் இல்லை. மக்காவில் கஅபா என்னும் புனித இல்லம் இருக்கும் திசையை அது காட்டுகிறது, அவ்வளவுதான்" என்றார். இங்கே அந்தத் திசை தென்கிழக்கு என்று கேட்டதும் அம்மாவுக்கு ஆச்சரியம். நம் ஊரில் மேற்கே பார்த்துத் தொழுவதைத்தானே அவர் பார்த்திருக்கிறார்! மேற்கு என்பதில் ஒன்றுமில்லை, உலகத்தில் எங்கே நின்றாலும் அந்த ஓர் இடத்தை நோக்கி நிற்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கும்தான்.

பிறகு வெளியே குழாயடியில், தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவைச் செய்வதை அக்கா செய்தே காட்டினார். மணிக்கட்டு வரை கைகள், வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, ஈரக்கையால் தலையைத் தடவி, காதுகள், கடைசியில் கணுக்கால் வரை பாதங்கள். வலது பக்கம் முதலில். குழாயை நூலளவுதான் திறந்திருந்தார். ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒளு செய்தாலும் தண்ணீரை வீணாக்கக்கூடாது என்பது நபிகளின் போதனை என்றார்.

பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பாங்கு, அதாவது அழைப்பு, சொன்னதும் பார்வையாளர்கள் வெளியே போக வேண்டும். நாங்களும் கிளம்பினோம். அப்போது அக்கா பெரியவரிடம் ஏதோ பேசி, பெண்கள் தொழும் பகுதியில் ஓரமாக நாங்கள் இருக்க அனுமதி வாங்கித் தந்தார். பெரியவர் அம்மாவின் நடையைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். அய்யா, அந்த நாற்காலிக்குத் தனியாக ஒரு கும்பிடு.

ஓதுவது காதில் விழும் என்று காத்திருந்தேன். தொழுகை நடத்தும் இமாம் தக்பீர், அதாவது "அல்லாஹு அக்பர்", சொல்லும்போதுதான் பெரும்பாலும் குரல் வந்தது. மற்ற நேரமெல்லாம் அத்தனை பேரும் மௌனமாக நின்றார்கள், குனிந்தார்கள், நெற்றியும் மூக்கும் உள்ளங்கைகளும் முழங்கால்களும் கால்விரல்களும் தரையில் படியச் சஜ்தா செய்தார்கள். நண்பகல் லுஹரிலும் அஸரிலும் பிறருக்குக் கேட்காமல் மெல்லவே ஓதுவார்கள், அந்தி நேரத்து மஃரிபுக்கு இருந்து பாருங்கள் என்றார் அக்கா. இருந்தோம். சூரியன் இறங்கியதும் முதல் இரண்டு ரக்அத்களில் (நின்று, குனிந்து, சஜ்தா செய்யும் ஒரு சுற்றுதான் ரக்அத்) குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா சூரா அந்தக் குவிமாடத்துக்குள் எழும்பிய விதத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஏழே வசனங்கள். ஐந்து வேளையின் கடமைத் தொழுகைக்கு மொத்தம் 17 ரக்அத்கள் என்பதால் ஒரு நாளைக்குக் குறைந்தது 17 முறை அதை ஓதுகிறார்கள்.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் குரல் பரவுவதற்காக, கட்டடக் கலைஞர் சினான் குவிமாடத்தில் மண் ஜாடிகளைப் பதித்திருக்கிறார். 1550இல் தொடங்கி 1557இல் முடித்த கட்டடம். எண்ணெய் விளக்குகளின் புகைக்கரி சுவர்களில் படியாமல், காற்றோட்டமே அதை வாசலுக்கு மேலுள்ள அறைக்குக் கொண்டுசேர்க்கும்படி கட்டி, அந்தக் கரியில் எழுத்து மை தயாரித்தார்களாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு சினான்மேல் தீராத மரியாதை. இதைக் கட்டச்சொன்ன சுல்தான் சுலைமானின் கல்லறையைப் பார்க்க நிற்கும் கூட்டம், வளாகத்து மூலையில் சிறிதாக இருக்கும் சினானின் கல்லறைக்கும் போக வேண்டும்.

தொழுகை முடிந்ததும் 33 தடவை சுப்ஹானல்லாஹ், 33 தடவை அல்ஹம்துலில்லாஹ், 33 தடவை அல்லாஹு அக்பர். பக்கத்திலிருந்த பாட்டி விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டிருந்தார். அம்மா என் தொடையைத் தட்டி, "நான் எண்ணுற மாதிரியே எண்ணுறாங்க பாரு" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சிக்கு நீங்கள் மூவரும்தான் காரணம்.

அக்கா, பெண்கள் ஏன் பின்னால் என்று நான் கேட்டதற்கு, குனிந்து எழும் தொழுகையில் ஆண்கள் பின்னால் இருக்காமல் இருப்பதே தங்களுக்கு வசதி என்றீர்கள். அந்த இடத்திலிருந்து மிஹ்ராபும் அந்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் சரியாகத் தெரியவில்லையே என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது. அப்போதே சொன்னேன். நீங்கள் முகம் சுளிக்காமல், உங்கள் தோழிகளிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு என்றீர்கள். அந்த நேர்மைக்கும் நன்றி.

தம்பி, எதிரே உள்ள கடைகளில் ஒவ்வொன்றாக நுழைந்து, இறைச்சி சேர்க்காத வெள்ளை பீன்ஸ் குழம்பு எங்கே கிடைக்கும் என்று அம்மாவுக்காக விசாரித்தீர்களே, உங்கள் உம்மா உங்களை நன்றாக வளர்த்திருக்கிறார். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். இது அம்மாவின் உத்தரவு.

அம்மா இன்னொரு கேள்வியும் அனுப்பச் சொன்னார். திரும்பி வரும்போது விமானத்தில் ஒருவர் இருக்கையில் உட்கார்ந்தபடியே தொழுவதைப் பார்த்தார். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழலாம் என்று அக்கா சொன்னது அவருக்கு நினைவிருக்கிறது. ஆனால் பறந்துகொண்டிருக்கும்போது கிப்லா, அதாவது கஅபாவின் திசை, எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்? அக்காவிடம் கேட்டு எழுதுங்கள், காத்திருக்கிறார்.