கரடி ஆட்டம் நின்றது, கரடிகளின் பாடு நிற்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் கரடி என்றால் பேப்பரில் ஒரே மாதிரிச் செய்திதான் வரும். தோட்டத்துக்குள் புகுந்தது, ஆளைத் தாக்கியது, வனத்துறை கூண்டு வைத்தது. அடிபட்டவரின் வேதனை பெரிது, அதை எழுதத்தான் வேண்டும். மனிதர் கையில் சிக்கிய கரடி என்ன பாடுபட்டது என்பதையும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

வடநாட்டிலும் கர்நாடகத்திலும் கரடியை ஆட வைத்துப் பல தலைமுறையாகப் பிழைத்தவர்கள் கலந்தர் சமூகத்தினர். அந்தக் கரடி எப்படிக் கிடைத்தது தெரியுமா? காட்டில் தாயைக் கொன்றுவிட்டுக் குட்டியைத் தூக்கி வருவார்கள், அப்புறம் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அதன் மூக்கைத் துளைத்துக் கயிறு கோப்பார்கள், மயக்க மருந்து எதுவும் கிடையாது, பற்களையும் உடைத்துவிடுவார்கள். கயிற்றைச் சுண்டினால் வலி தாங்காமல் அது பின்னங்காலில் எழுந்து துள்ளும். அதற்குத்தான் ஜனங்கள் காசு போட்டார்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972லேயே வந்துவிட்டது. ஆனாலும் தெருவில் ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. கார்த்திக் சத்யநாராயண், கீதா சேஷமணி இருவரும் 1995ல் தொடங்கிய வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் என்ற வனவிலங்கு மீட்பு அமைப்பு கரடிக்காரரைக் குற்றவாளியாக மட்டும் பார்க்கவில்லை. கரடியை ஒப்படைத்தவருக்கு ஆட்டோ வாங்கவோ சிறு கடை வைக்கவோ முதல் கொடுத்தது, பெண்களுக்குத் தையல் முதலான தொழில்களுக்கு வழி செய்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. என்னைக் கேட்டால் இந்த வேலையின் உயிரே இதுதான், ஏனென்றால் சோற்றுக்கு வேறு வழி இல்லாதவரிடம் கரடியைப் பிடுங்கினால் அவர் இன்னொரு குட்டியைத் தேடித்தான் போவார். 2002 டிசம்பரில் முதல் கரடிகள் அந்த அமைப்பின் ஆக்ரா மீட்பு மையத்துக்கு வந்தன, 2009ல் கடைசிக் கரடியும் மீட்கப்பட்டது. மொத்தம் 600க்கும் மேல்.

சரி, முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. மூக்கு கிழிந்து பல் போன கரடியைக் காட்டில் விட முடியாது, அது பிழைக்காது. மீட்கப்பட்டவற்றில் பல காசநோயோடு வந்தவை, சிலவற்றுக்குக் கண் தெரியாது. ஆக்ராவிலும் பெங்களூரு பக்கத்தில் பன்னேர்கட்டாவிலும் இவற்றுக்குக் கஞ்சியும் பழமும் தேனும் மருந்தும் கொடுத்துச் சாகும்வரை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வயதாக ஆக வைத்தியச் செலவும் கூடத்தானே செய்யும். மீட்ட அன்று எல்லோரும் படம் போடுகிறார்கள், அதற்குப் பிறகு வருகிற இத்தனை வருடங்களைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

ஆட்டம் வட இந்திய விஷயம், நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். குழந்தை பயப்படாமல் இருக்கக் கரடி முடித் தாயத்து கட்டுகிற பழக்கம் நம்மிடமும் உண்டே. கரடி முடியை விற்பது அதே 1972 சட்டப்படி குற்றம். முடி அசலோ போலியோ, கேட்டு வாங்க ஆள் இருக்கிற வரைக்கும் அதற்காக எங்கோ ஒரு கரடி மாட்டிக்கொள்ளும். திருவிழாக் கடைகளில் இதை வாங்காதீர்கள் என்று உங்கள் நாளிதழ் நான்கு வரி போட்டால் பெரிய உதவி. வனத்துறையும் திருவிழா நாட்களில் அந்தக் கடைகளைச் சோதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்